நன்மாறன் குடித்த யவன ஒயின்

வயதான கொடிகளின் திராட்சையில் செய்த ரெட் ஒயினைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிறவர்கள் உண்டு. கொடிக்கு வயசு ஏற ஏற காய்ப்பு குறையும். பாட்டில் குறையும், விலை ஏறும். நம்ம மதுரையில் இதுக்கு முன்னோடி உண்டான்னு தேடினா, புறநானூறு 56-வது பாட்டுல பாண்டியன் நன்மாறன் இருக்கார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை மகளிர் பொற்கலத்தில் தர, குடித்து மகிழ்ந்திரு என்று நக்கீரர் வாழ்த்துகிறார். திருவாதவூர்க் கபிலர் பாடிய பாரியின் பறம்பில் ஜாடி திறந்து ஊற்றியதோ உள்ளூர் மது.

அந்த யவனச் சரக்கு எப்படிப்பட்டது? வைகை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அழகன்குளத்திலும், புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும் ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அரிக்கமேட்டுத் துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் பல கிரேக்கத் தீவான கோஸ் பாணி ஜாடிகள் என்று கண்டார். கோஸ் ஒயினில் கடல் தண்ணி கலப்பாங்க. இத்தாலியிலேயே அதை நகல் எடுத்தார்கள். கேட்டோ தன் விவசாய நூலில் செய்முறையே தருகிறார். ரோமில் உசத்தின்னா அது ஃபலேர்னியன்தான்.

நன்மாறன் கிண்ணத்தில் இருந்ததும் இந்தக் கோஸ் வகைதான்னு வெச்சுக்குவோம். அங்கே பண்ணையிலேயே செஞ்சுக்கிற சரக்கு, இங்கே ராஜாவுக்கு மட்டும் எட்டியிருக்கு. முசிறியில் இறங்கிய ஒயின் அதிகமில்லை என்கிறது பெரிப்ளூஸ். இன்னைக்குக் கிழட்டுக் கொடி விலையை ஏத்துது. அன்னிக்கு ஏத்தினது கடல்.