துப்பாக்கி சுடுகிறவர் தோள்பட்டை

"சட்டையைக் கழற்றுப்பா" என்றேன். வலது தோளுக்குக் கீழே, புஜத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. நடுவில் கருநீலம், ஓரத்தில் மஞ்சள். பழைய காயத்தின் மேலேயே புதுக் காயம்!

கூட வந்த அம்மா பொரிந்து தள்ளினார். "துப்பாக்கி சுடுற கிளப்புக்குப் போறான் டாக்டர். இடி வாங்குறதுக்குக் காசு வேற கொடுக்கிறோம். தோட்டா விலையைக் கேட்டா உங்களுக்கே மயக்கம் வரும்."

இரண்டு வாரம் முன்பு இதே பையன் கழுத்துவலி என்று வந்தான். என்ன விளையாடுகிறாய் என்று கேட்காமல் தைலம் கொடுத்து அனுப்பிவிட்டேன். என் தப்புதான். இப்போது அடுத்த மாதம் போட்டி என்று கண் கலங்குகிறான்.

அவன் சுடுவது 'டிராப்'. பறக்கும் தட்டைச் சுடுகிற போட்டி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் புதுக்கோட்டைக்காரர் பிரித்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்டாரே, அதேதான்.

துப்பாக்கி ஏன் இடிக்கிறது? படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் போகிறதல்லவா, அதே கதை. டிராப் தோட்டாவில் 24 கிராம் ஈயக் குண்டுகள். நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் அவை முன்னே பாய்கின்றன. மூன்றரை, நாலு கிலோ எடையுள்ள துப்பாக்கி நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் பின்னே வருகிறது. ஒரு கிலோ எடைக்கல் ஆள் உயரத்திலிருந்து விழுந்தால் என்ன வலுவோ, ஏறக்குறைய அந்த வலு. ஒரு தடவை என்றால் பரவாயில்லை. போட்டியில் 125 தட்டுகள். தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். ஆக 250 இடி வரை!

செலவையும் பாருங்கள். விலை இடத்துக்கு இடம், ரகத்துக்கு ரகம் மாறும். கணக்குக்காகத் தோட்டா 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 250 தோட்டாவுக்கு 12,500 ரூபாய். நடுத்தரக் குடும்பம் தாங்குமா? அதனால்தான் பையன் மலிவாகக் கிடைத்தது என்று வேட்டைக்கான 32 கிராம் தோட்டாவை வாங்கியிருக்கிறான். குண்டின் எடை கூடியது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இடியின் வலு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். மிச்சம் பிடித்த காசு தோளில் வட்டியோடு வசூலாகிறது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. தோள் வலியை ஞாபகம் வைத்துக்கொள்ளும். விசையை அழுத்தப் போகும்போதே கண் சிமிட்டும், தோள் முன்னே தள்ளும், குழல் தாழும். நாம் சொல்லி நடப்பதல்ல. சூடுபட்ட கை தானே பின்வாங்குவது போலத்தான். குறி தப்பும். தப்பினால் இன்னும் பயிற்சி, இன்னும் தோட்டா, இன்னும் இடி. "நீ ஒரு வாரம் சுடாமல் இருந்தால் அம்மாவுக்கும் லாபம்ப்பா" என்றேன். அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார்.

இதற்குச் செலவில்லாத மருந்து, வெற்றுத் துப்பாக்கிப் பயிற்சி. பயிற்சியாளர் முன்னிலையில், குழல் காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, டம்மி தோட்டா போட்டுப் பழகவேண்டும். சில பயிற்சியாளர்கள் சுடுகிறவருக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மியைச் சேர்த்துவிடுவார்கள். சத்தமே வராதபோது குழல் குனிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

துப்பாக்கிக் கட்டையை வைக்கும் இடமும் முக்கியம். காறை எலும்பின் மேலே கூடாது, புஜத்திலும் கூடாது. இரண்டுக்கும் நடுவே தோளில் சதைப்பற்றுள்ள ஒரு குழிவு இருக்கிறது. அங்கே இறுக்கமாகப் பதியவேண்டும். இடைவெளி விட்டால் துப்பாக்கி வேகம் பிடித்து வந்து குத்தும். கட்டை முனையில் நல்ல ரப்பர் பட்டை போடலாம். கட்டையின் நீளம் அவரவர் கைக்கு ஏற்ப இருக்கவேண்டும். இவனுடையது கிளப்பில் இரவல் வாங்கியது, கட்டை நீளம் அதிகம். புஜத்துக்கு நழுவியதற்குக் காரணம் அதுதான். புதிதாகச் சேரும் பிள்ளைகளை ஏர் ரைஃபிளில் தொடங்க விடுங்கள். அதன் குண்டு அரை கிராம்தான். இடியும் இல்லை, பர்ஸும் கரையாது.

வைத்தியத்துக்கு வருவோம். அடிபட்ட முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கவே கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் போதும். வீக்கம் வடிந்தபிறகு நொச்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கிற சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். அதன்பின் உளுந்துத் தைலம் இதமாகத் தடவலாம். காறை எலும்பைச் சுற்றி வர்ம இடங்கள் இருப்பதால் கண்டவர்களிடம் நீவக் கொடுக்காதீர்கள். கை மரத்துப்போனாலோ, விரல்களில் சுருசுருவென்று இருந்தாலோ, கையைத் தூக்க முடியாவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். நரம்பு அழுந்தியிருக்கலாம்.

ஈயம் என்கிற காரீயம் உடம்பில் சேர்ந்தால் கெடுதல். தோட்டாவைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்கக்கூடாது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது பையன் சாதாரணமாகச் சொன்னான்: "சுட்டுட்டு வந்தா ராத்திரி காதுல ரீங்காரம் கேக்குது சார்." எனக்குத் திக்கென்றது. இந்தத் துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். தோள் ஆறிவிடும், உள்காதில் செத்த நுண்முடிகள் திரும்ப முளைக்காது. "காதுக்கு ஏதாவது எண்ணெய் கொடுங்களேன்" என்றார் அம்மா. அதற்கு எண்ணெய் எங்களிடமும் இல்லை, யாரிடமும் இல்லை என்று சொல்லிக் காது டாக்டருக்குச் சீட்டு எழுதினேன்.

சோதனையில் இடது காது சற்று மந்தம் என்று வந்தது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்குக் குழலின் பக்கம் இருப்பது இடது காதுதான். இப்போது காதுக்குள் அடைப்பான், மேலே மூடி, இரண்டும் போட்டுத்தான் சுடுகிறான். அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை.