புது ஆட்டக்காரரை எடை போடுவது எப்படி?

மாற்றலாகியோ வியாபார நிமித்தமாகவோ திருப்பதிக்கும் சித்தூருக்கும் வந்து குடியேறும் நம் தமிழ்க் குடும்பங்கள் முதலில் தேடுவது வீடு, பள்ளிக்கூடம். அடுத்து நாலு பேரோடு பழக ஓர் இடம். காலை வேளையில் டென்னிஸ் ஆடும் மைதானம் அப்படிப்பட்ட இடம். அங்கே எழும் முதல் கேள்வி, "நீங்க எப்படி ஆடுவீங்க?" என்பதே. "ஏதோ சுமாரா ஆடுவேன்" என்பார் வந்தவர்.

இந்தச் 'சுமாரு'க்கு அளவுகோல் கிடையாது. தன்னடக்கத்தால் சொல்பவரும் உண்டு, பரிசை மனசில் வைத்துக்கொண்டு சொல்பவரும் உண்டு. நல்ல ஆட்டக்காரரைக் கீழ்ப் பிரிவில் சேர்த்தால் அங்குள்ளவர்கள் மனம் நோவார்கள். எளிய ஆட்டக்காரரை மேல் பிரிவில் தள்ளினால் நாலு வாரம் தோற்றுவிட்டு ஐந்தாம் வாரம் வரமாட்டார். அவர் குடும்பமும் நம்மை விட்டு விலகிப் போகும். ஆகவே தரம் குறிப்பதைச் சின்ன விஷயம் என்று தள்ளக்கூடாது.

அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் லீக்குகளில் அரை அரைப் படியாகத் தரப்பிரிவுகள் உண்டு. புதியவர் வழிகாட்டிக் குறிப்புகளைப் படித்துத் தன் தரத்தைத் தானே அறிவிக்கலாம். ஆனால் அந்தத் தரத்துக்கு மிக மேலாக ஆடியதாக மூன்று முறை கணக்கில் தெரிந்தால், அந்தப் பிரிவிலிருந்து நீக்கி மேலே அனுப்பிவிடுவார்கள். அதாவது வாய்ச்சொல்லை முதலில் நம்பு, பிறகு ஆட்டத்தை வைத்துச் சரிபார் என்பதே அவர்கள் முறை.

இந்தச் சரிபார்ப்புக் கணக்கு நன்றாக விளங்குவது சதுரங்கத்தில். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ வகுத்த முறையை, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே உள்ளவர் நூற்றுக்குச் சுமார் 76 பங்கு வெற்றி பெறுவார் என்பது எதிர்பார்ப்பு. கீழே உள்ளவர் ஜெயித்துவிட்டால், எதிர்பார்ப்புக்கு மேல் கிடைத்த 0.76-ஐ ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கி அவருக்குக் கூட்டுவார்கள். நிலைபெற்ற சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த எண் 20. ஆகவே சுமார் 15 புள்ளி. முதல் 30 ஆட்டம் முடியாத புதியவருக்கு அது 40. ஆகவே சுமார் 30 புள்ளி. புதியவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம், அதனால் அவர் எண் வேகமாக நகரட்டும் என்பதே தாத்பரியம்.

கடைக்காரர்களுக்கு இது புதிதல்ல. புது வாடிக்கையாளருக்கு முதல் நாளே பெரிய கடன் கொடுக்கமாட்டோம், விரட்டவும்மாட்டோம். சின்னக் கணக்கு ஆரம்பித்து, ரெண்டு மூணு தவணை பார்த்துச் சட்டென்று கூட்டுவோம், இல்லை குறைப்போம். சமணத்தின் அநேகாந்தக் கொள்கையும் இதற்குப் பொருந்தும். எந்தப் பொருளைப் பற்றிய கூற்றும் ஒரு கோணத்தில் மட்டுமே உண்மை. அதனால்தான் 'ஸ்யாத்', அதாவது 'ஒரு வகையில்', என்ற அடைமொழி. புதியவரின் எண்ணுக்கும் அந்த அடைமொழி வேண்டும்.

இன்னொரு சிக்கல் உண்டு. தங்களுக்குள்ளேயே ஆடுகிறவர்களின் எண்கள் அந்த வட்டத்துக்குள் மட்டுமே செல்லும். வேகமாக வளரும் பிள்ளைகள் குறைந்த எண்ணோடு நுழைந்தால், அவர்களிடம் தோற்பவர்களின் எண்ணும் சரியும். சதுரங்கத்தில் இது முற்றிப்போய், 2024 மார்ச் 1 முதல் கூட்டமைப்பே திருத்தம் செய்தது. 2000-க்குக் கீழ் இருந்தவர்களுக்கு, குறைந்த அளவில் 40 சதவீதம் ஒரே தடவையாகக் கூட்டப்பட்டது. 1500 இருந்தவர் 1700 ஆனார். தரப்பட்டியலின் அடிமட்டமும் 1000-இலிருந்து 1400-க்கு உயர்ந்தது.

நம் சங்கங்கள் கம்ப்யூட்டர் இல்லாமலே, ஒரு நோட்டுப்புத்தகத்தில் இதைச் செய்யலாம். வந்தவர் சொல்லும் தரத்தைக் கேட்டு, மூத்த ஆட்டக்காரர் ஒருவர் அரை மணி நேரம் அவரோடு பந்தடித்துப் பார்க்கட்டும். முதல் ஐந்து ஆட்டங்களுக்கு அவர் எண் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடுங்கள். அது தற்காலிகம் என்று எல்லோருக்கும் தெரியட்டும். அதுவரை அவர் எண் இரட்டை வேகத்தில் ஏறி இறங்கலாம். அவரிடம் தோற்ற பழையவருக்குப் பாதி மட்டும் குறைத்தால் போதும். நட்சத்திரம் உள்ளவரை கோப்பைப் போட்டியில் சேர்க்கவேண்டாம். நட்பு ஆட்டத்தில் தாராளமாகச் சேருங்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது திருப்பதிக்காரர்களும் சித்தூர்க்காரர்களும் கூடி ஆடட்டும். சித்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேலூர்க்காரர்களையும் அழைத்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் நம் எண்ணுக்கு வெளியூரிலும் மதிப்பு இருக்கும்.

முக்கியமாக, அந்த எண் எப்படி வந்தது என்று கேட்பவருக்கு நோட்டைத் திறந்து காட்ட வேண்டும். காரணம் தெரிந்த எண்ணை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மறு வாரமும் மட்டையோடு வருவார்கள்.