உங்களுக்குத் தெரியுமா?

பிறவியிலேயே குறுகிப்போன மகாதமனியை அறுவை சிகிச்சையில் சரிசெய்து, ரத்தம் தடையில்லாமல் ஓடினாலும், பலருக்கு உயர் ரத்த அழுத்தம் போவதில்லை. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறது!

• அடைப்பு நீங்கினாலும், அதுவரை அழுத்தத்தைத் தாங்கிய மேல்பகுதி ரத்தக்குழாய்கள் விறைப்பாகவே இருப்பது ஒரு காரணம்.

• இந்த அறுவை சிகிச்சையை முதலில் செய்தவர் ஸ்வீடனின் கிளாரன்ஸ் கிராஃபூர்ட், 1944இல்.

• சிறுவயதிலேயே செய்தால் உயர் ரத்த அழுத்த ஆபத்து குறையும், அறவே நீங்காது.

• இந்த சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பிரஷரைப் பொதுவாக வலது கையில்தான் பார்க்க வேண்டும். முக்கியமான விஷயம் இது. சில அறுவை முறைகளில் இடது கைக்குப் போகும் தமனியையே வெட்டித் திருப்பி, குறுகலான இடத்தை அகலப்படுத்துவார்கள். பிறகு அந்தக் கையில் அளந்தால் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

காயம் ஆறிவிட்டதென்று செக்கப்பை நிறுத்திவிடாதீர்கள். ஆயுள் முழுக்கத் தேவை.