குறட்டையும் சத்திரசிகிச்சையும்: மயக்கமருந்து வைத்தியரிடம் மறைக்கக் கூடாதவை



சில காலத்துக்கு முன் என்னிடம் வழமையாக வரும் ஒருவர் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலைக்குப் போனார். ஐம்பது வயதைக் கடந்தவர், பருமனானவர், உயர் குருதி அமுக்கத்துக்கு மாத்திரை எடுப்பவர். முன்பரிசோதனைக்கு மொழிபெயர்ப்பாளராக மகனைக் கூட்டிச் சென்றிருந்தார். குறட்டை விடுவாரா, நித்திரையில் மூச்சு நிற்பதுண்டா என்று தாதி கேட்டபோது மகன் “இல்லை” என்று சொல்லிவிட்டார். மகன் பொய் சொல்லவில்லை. அவர் படுப்பது பேஸ்மென்றில். பக்கத்தில் படுக்கும் மனைவிக்குத்தான் விடயம் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. ஆனால் நோவுக்கு ஊசி போட்ட பின்னர், கண் அயரும் போதெல்லாம் மூச்சு நின்று நின்று வந்தது. குருதியில் ஒட்சிசன் அளவு இறங்கியது. கருவியின் சத்தம் கேட்டுத் தாதி ஓடி வந்தபடியால் ஆள் தப்பினார். பிறகு மனைவி என்னிடம் சொன்னார்: “பத்து வருசமா எனக்குத் தெரியும் டொக்டர். குறட்டையெல்லாம் டொக்டரிட்டைச் சொல்லுற விசயமே எண்டு விட்டிட்டன்.” இத்தனை வருடம் அமுக்கத்துக்கு மாத்திரை எழுதிய நானும் அவரிடம் நித்திரையைப் பற்றிக் கேட்டதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பருமனானவர்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

மல்லாந்து படுக்கும்போது வயிற்றிலுள்ள கொழுப்பு பிரிமென்றகட்டை மேலே தள்ளுகிறது. நுரையீரல் விரிய இடம் குறைகிறது. மயக்கமருந்து கொடுத்ததும் தசைகள் தளர்வதால் இடம் மேலும் சுருங்கும். நுரையீரலில் சேமித்து வைத்த ஒட்சிசனும் விரைவில் தீர்ந்துவிடும். நன்றாக ஒட்சிசன் கொடுத்த பின் மூச்சு நின்றால், ஆரோக்கியமான மெலிந்த ஒருவர் ஏறத்தாழ 8 நிமிடம் தாக்குப்பிடிப்பார். மிகவும் பருமனான ஒருவருக்கு 3 நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம் என்று கணிக்கப்பட்டுள்ளது. சுவாசக் குழாயைச் செலுத்தி முடிக்க வைத்தியருக்குக் கிடைப்பது அந்த நேரம்தான்.

ஆகவே மயக்கமருந்து வைத்தியர் முன்கூட்டியே ஆயத்தம் செய்வார். தலையையும் தோளையும் உயர்த்தி, காது நெஞ்செலும்பின் மட்டத்துக்கு வரும்படி படுக்க வைப்பார். முகமூடி மூலம் சில நிமிடங்கள் ஒட்சிசன் கொடுப்பார். சுவாச இயந்திரம் தரும் காற்றின் அளவை உங்கள் நிறையை வைத்தல்ல, உயரத்தை வைத்தே கணக்கிடுவார். உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. இயந்திரத்தின் அழுத்தத்தைக் கூட்டினால் நல்லது என்ற எண்ணமும் இருந்தது. 23 நாடுகளில் ஏறத்தாழ 2,000 பருமனான நோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், கூடிய அழுத்தத்தால் நுரையீரல் சிக்கல்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எனவே யாருக்கு எவ்வளவு என்பதை வைத்தியர் ஆளைப் பார்த்தே தீர்மானிக்கிறார்.

ரொறன்ரோவில் பிறந்த எட்டுக் கேள்விகள்

நித்திரையில் மூச்சு நிற்கும் நோயைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே கண்டுபிடிக்க, எங்கள் நகரின் ரொறன்ரோ வெஸ்ரேர்ண் வைத்தியசாலையைச் சேர்ந்த மயக்கமருந்து வைத்தியர் பிரான்சிஸ் சங் குழுவினர் 2008இல் ஒரு எளிய வினாக்கொத்தை வெளியிட்டனர். ‘ஸ்டொப்-பாங்’ எனப்படும் இது இன்று உலகின் பல நாடுகளில் பயன்படுகிறது. நீங்களும் எண்ணிப் பாருங்கள்:

1. கதவு மூடியிருந்தாலும் கேட்கும் அளவுக்குக் குறட்டை விடுகிறீர்களா?
2. பகலில் களைப்பும் தூக்கமும் வருகிறதா?
3. நித்திரையில் மூச்சு நிற்பதை யாராவது கண்டிருக்கிறார்களா?
4. உயர் குருதி அமுக்கம் உண்டா?
5. உடற் திணிவுச் சுட்டெண் 35க்கு மேலா? 170 சென்ரிமீற்றர் உயரமானவர் 102 கிலோ இருந்தால் இதற்குள் அடங்குவார்.
6. வயது 50க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலா?
8. ஆணா?

‘ஆம்’ என்பது இரண்டு வரை என்றால் ஆபத்துக் குறைவு. மூன்று, நான்கு என்றால் நடுத்தரம். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் அதிகம். மேலே சொன்னவருக்கு மனைவி பதில் சொன்னபோது ஐந்தைத் தாண்டியது.

“நான் அவ்வளவு குண்டில்லையே” என்று சிலர் நினைக்கலாம். எங்கள் ஆட்களுக்குக் கொழுப்புச் சேருவது பெரும்பாலும் வயிற்றில். ஆசியர்கள் 23க்கு மேலேயே கவனமாக இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்த காலத்தில், சைக்கிள் மிதித்து வந்த நோயாளிகளிடம் நான் இந்த நோயைத் தேடியதே இல்லை. இன்று அதே ஆட்கள் இரண்டு வேலை, இரவுச் சாப்பாடு, கார் ஓட்டம் என்று வாழ்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• முன்பரிசோதனைக்குப் பக்கத்தில் படுப்பவரைக் கூட்டிச் செல்லுங்கள். பிள்ளைகளை நம்பி இருக்காமல் வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.
• சந்தேகம் இருந்தால் குடும்ப வைத்தியரிடம் நித்திரைப் பரிசோதனைக்குக் கேளுங்கள். ‘சிபாப்’ கருவி தேவைப்பட்டால், தகுதியுள்ளவர்களுக்கு ஒன்ராறியோ அரசின் உதவிச் சாதனத் திட்டம் அங்கீகரித்த விலையில் 75 வீதத்தைக் கொடுக்கிறது.
• வீட்டில் ‘சிபாப்’ பாவிப்பவர்கள் வெட்கப்படாமல் அதையும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.
• ‘ஓசெம்பிக்’ போன்ற ஊசி போடுபவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். அது வயிறு காலியாவதைத் தாமதிக்கும். மயக்கத்தில் உணவு நுரையீரலுக்குள் போகலாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.
• வீடு திரும்பிய பின் மல்லாந்து படுக்காமல் தலையை உயர்த்தி அல்லது சரிந்து படுங்கள். நோ மருந்தோடு மதுவோ நித்திரை மாத்திரையோ கூடாது.

பருமன் என்பதற்காகத் தேவையான சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முன்கூட்டித் தெரிந்தால் வைத்தியர்கள் அதற்கேற்ப ஆயத்தமாக இருப்பார்கள். அந்த நோயாளி இப்போது இரவில் கருவியோடு நித்திரை கொள்கிறார். அவருடைய அமுக்கமும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. “இப்பதான் நானும் நித்திரை கொள்ளுறன்” என்கிறார் மனைவி.

இன்றிரவு உங்கள் வீட்டில் குறட்டைச் சத்தம் கேட்டால் சிரித்துவிட்டுப் போகாமல் கொஞ்ச நேரம் கவனியுங்கள். இடையில் மூச்சு நிற்கிறதா என்று பாருங்கள்.