பிழைக்கும் இலக்கணம் உண்டு

ஸ்பானிய மொழி பேசும் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைத் தாள்களைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு ‘இஸ் ரெய்னிங்’ என்ற வாக்கியம் பழகிப்போன ஒன்று. முன்னால் வரவேண்டிய ‘இட்’ காணாமல் போயிருக்கும். அந்த ‘இட்’ எதையும் குறிப்பதில்லை. எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது என்பதற்காக மட்டுமே அங்கே இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அந்தக் கட்டாயம் கிடையாது. ‘எஸ்தா யோவியெந்தோ’ என்றாலே மழை பெய்கிறது என்று பொருள். யார் செய்தார் என்பதைப் பெரும்பாலும் வினைச்சொல்லின் விகுதியே காட்டிவிடும். ‘நான்’ போடாமல் ‘வந்தேன்’ என்று பேசும் நமக்கு இது எளிதில் புரியும்.

வயதைச் சொல்லும்போது ‘ஐ ஹேவ் ட்வென்டி இயர்ஸ்’ என்பார்கள். வீடும் பணமும் தன்னிடம் இருப்பதைச் சொல்லும் ‘தெனேர்’ என்ற வினைதான் ஸ்பானியத்தில் வயதுக்கும் பசிக்கும் பயத்துக்கும் வருகிறது. ‘பீப்பிள் இஸ்’ என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு: மக்களைக் குறிக்கும் ‘ஹென்தே’ அங்கே ஒருமை. பெயர்ச்சொல் பன்மையானால் பெயரடையும் பன்மையாக வேண்டும் என்பது அவர்கள் விதி. அதனால்தான் ‘ஒயிட்ஸ் ஹவுசஸ்’.

இரு மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டால் மாணவர் எங்கே தடுமாறுவார் என்று முன்கூட்டியே கணிக்கலாம் என 1957-இல் வெளியான நூலில் வாதிட்டார் மொழியியலாளர் ராபர்ட் லாடோ. மேலே கண்ட பிழைகளுக்கு அந்தக் கணிப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனால் ‘ஷி வொர்க்’ என்ற பிழைக்குப் பொருந்தவில்லை. எழுவாய்க்கு ஏற்ப வினையை மாற்றுவது ஸ்பானியம் பேசுபவர்களுக்குத் தாய்மொழிப் பழக்கம். அவர்கள் ஒரேயொரு ‘எஸ்’ஸை ஏன் விட வேண்டும்? ஹைடி டியூலே, மரீனா பர்ட் இருவரும் ஸ்பானியம் பேசும் சிறுவர்களையும் சீனம் பேசும் சிறுவர்களையும் ஒப்பிட்டு 1974-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சீன மொழியில் வினைச்சொல் எழுவாய்க்கு ஏற்ப மாறுவதே இல்லை. ஆனாலும் ஆங்கில விகுதிகளை இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் கற்றிருந்தார்கள். ‘இங்’ முன்னால் வந்தது. இந்த ‘எஸ்’ வெகு பின்னால் வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் ‘இங்’குக்குப் பிறகே இதைப் பிடிக்கிறார்கள்.

தாய்மொழியின் தாக்கம், எல்லோருக்கும் பொதுவான கற்றல் வரிசை ஆகிய இரண்டு காரணங்களும் கைகோப்பதும் உண்டு. ‘ஐ நோ லைக்’ என்பது பல மொழிக்காரர்களும் கடந்துபோகும் ஒரு கட்டம். ஸ்பானியத்திலும் ‘நோ’ வினைக்கு முன்னால்தான் வரும் என்பதால், அவர்கள் அந்தக் கட்டத்தில் சற்றுக் கூடுதலாகத் தங்கிவிடுகிறார்கள்.

மாணவர் எதுவரை கற்றிருக்கிறார் என்பதை அவருடைய பிழைகளே ஆசிரியருக்குச் சொல்லும் என்று 1967-இலேயே எழுதினார் மொழியியலாளர் பிட் கார்டர். எல்லாப் பிழைக்கும் ஒரே மருந்து கிடையாது. ‘இட்’ விடுபட்டால் இரு மொழிகளின் வேறுபாட்டை விளக்கலாம். ‘எஸ்’ விடுபட்டால் விதியைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைப்பதில் பெரிய பயனில்லை; நிறையக் கேட்கவும் பேசவும் வாய்ப்பும் அவகாசமும் கொடுக்க வேண்டும். சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன், பிழை எந்த வகை என்று ஆசிரியர்கள் ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.