பட்டர்நட் ஸ்குவாஷ்: எடையைப் பாருங்கள், கழுத்தைப் பாருங்கள்

"நடுத்தர அளவில் ஒரு பட்டர்நட் ஸ்குவாஷ்" என்று பல சமையல் குறிப்புகளில் போட்டிருக்கும். கடையிலோ அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டிய காயும் இருக்கும், இரண்டு கிலோவைத் தொடும் காயும் இருக்கும். எதை நடுத்தரம் என்று எடுப்பது? காயை எண்ணி வாங்குவதை விட்டு நிறுத்து வாங்கினால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வெளிநாட்டில் சமைக்கும் தமிழர் பலருக்குப் பரங்கிக்காய் கிடைக்காத இடத்தில் கைகொடுப்பது இந்தக் காய்தான். அதில் வியப்பில்லை. நம்மூர்ப் பரங்கிக்காயும் பட்டர்நட்டும் குக்குர்பிட்டா மோஸ்கேட்டா என்ற ஒரே இனம். சாம்பார், புளிக்குழம்பு, பால் கூட்டு எல்லாவற்றுக்கும் தயங்காமல் போடலாம். நன்கு முற்றிய பட்டர்நட்டில் சதை கெட்டியாக இருக்கும், தித்திப்பும் கூடுதல். அதனால் வெல்லம் சேர்க்கும் வழக்கம் இருந்தால், ருசி பார்த்த பிறகு சேருங்கள்.

எவ்வளவு வாங்குவது?

தோல், விதை, குடல் எல்லாம் போக, முழுக் காயின் எடையில் 80 முதல் 85 விழுக்காடு சதையாகத் தேறும். ஒரு கிலோ காய் வாங்கினால் 800 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும்.

அமெரிக்கக் குறிப்புகள் கப் கணக்கில் பேசும். அவர்களுடைய ஒரு கப் சுமார் 240 மில்லி. நறுக்கிய பச்சைத் துண்டுகள் ஒரு கப்பில் ஏறக்குறைய 140 கிராம் பிடிக்கும். வெந்தபின் துண்டுகள் நெருங்கி உட்காருவதால் அதே கப்பில் 200 கிராம் அளவுக்குப் போகும், மசித்தால் 240 கிராம் வரை. ஆகவே குறிப்பில் இருப்பது பச்சைத் துண்டா, வெந்ததா, மசித்ததா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பவுண்டில் சொல்லியிருந்தால், ஒரு பவுண்டு 454 கிராம்.

நான்கு கப் பச்சைத் துண்டுகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 140-ஐ நான்கால் பெருக்கினால் 560 கிராம். அதை 0.8-ஆல் வகுத்தால் 700 கிராம். அந்த எடையில் ஒரு காய் போதும். அடுப்பில் சுட்டு மசிப்பதானால் நீர் வற்றும், அதற்காகச் சற்றுப் பெரிதாக எடுங்கள்.

கழுத்தும் குடமும்

விதை முழுவதும் கீழே உருண்டிருக்கும் பகுதியில்தான் இருக்கிறது. கழுத்து முழுக்கச் சதை. ஒரே எடையில் இரண்டு காய் இருந்தால், கழுத்து நீண்டு தடித்து, அடிப்பகுதி சிறுத்திருப்பதை எடுங்கள். அதில் கழிவு குறைவு. வளைந்த கழுத்தைவிட நேரான கழுத்துக்குத் தோல் சீவுவதும் சுலபம். பயிர் வளர்ப்பவர்களும் இதைத்தான் தேடினார்கள். 1940-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சார்லஸ் லெகெட் என்பவர் பட்டர்நட்டை உருவாக்கினார். அதே மாநிலத்தின் வால்தம் ஊரில் பிறகு தேர்ந்தெடுத்து வளர்த்த வால்தம் பட்டர்நட், நேரான தடித்த கழுத்துக்குப் பெயர்பெற்று 1970-இல் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருதும் பெற்றது.

சமையலுக்கும் இந்த வேறுபாடு உதவும். கழுத்துச் சதை இறுக்கமானது, சதுரமாக நறுக்கிச் சாம்பாரிலோ பொரியலிலோ போட்டால் உருக்குலையாமல் நிற்கும். அடிப்பகுதியில் நாரும் ஈரமும் சற்று அதிகம். அதைக் கூட்டுக்கும் சூப்புக்கும் வைத்துக்கொள்ளலாம்.

முற்றியதா என்று பார்க்க

தோல் முழுவதும் ஒரே சீரான வெளிர் பழுப்பாக, பளபளப்பு அடங்கி இருக்க வேண்டும். பச்சைக் கோடுகளும் மினுமினுப்பும் இருந்தால் பிஞ்சில் பறித்தது, ருசி ஏறியிருக்காது. நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்கக் கூடாது. தரையில் படுத்திருந்த பக்கம் நிறம் வெளுத்திருப்பது குறையில்லை. அழுத்தினால் அமுங்கும் இடம் இருந்தால் வேண்டாம்.

காம்பைக் கட்டாயம் பாருங்கள். காய்ந்து உறுதியாக ஒட்டியிருந்தால் நல்லது. காம்பு உடைந்து விழுந்த இடத்தின் வழியாகத்தான் பெரும்பாலும் அழுகல் நுழையும். பிறகு கையில் தூக்கிப் பாருங்கள், பருமனுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். லேசாக இருந்தால் உள்ளே வற்றியிருக்கும்.

நறுக்குவதும் வைத்திருப்பதும்

இரு முனைகளையும் வெட்டிவிட்டு, கழுத்தையும் அடிப்பகுதியையும் தனித்தனியாகப் பிரியுங்கள். வெட்டிய தட்டைப் பக்கத்தைப் பலகையில் ஊன்றி மேலிருந்து கீழாகத் தோல் சீவினால் காய் உருளாது, கையும் பத்திரம். இதன் பால் பட்டால் சிலருக்குத் தோல் இறுகி உரியும். கையுறை போட்டுக்கொள்ளலாம். விதையைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவிக் காயவைத்து, உப்பும் எண்ணெயும் பிசறி வறுத்தால் நல்ல கொறிப்பு.

முழுக் காயைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சதை கெடும். 10 முதல் 13 டிகிரி வரை, காற்றோட்டமும் உலர்ச்சியும் உள்ள இடத்தில் இரண்டு மூன்று மாதம் தாங்கும். அந்த நாட்களில் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறுவதால் தித்திப்பும் கூடும். நம்மூர் வெயிலில் அவ்வளவு நாள் எதிர்பார்க்க முடியாது, சீக்கிரம் சமைத்துவிடுங்கள். வெட்டிய துண்டுகளை மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து நான்கைந்து நாளில் தீர்த்துவிடலாம்.

சமைக்கும் முன் ஒரு சிறு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடுங்கசப்பு தெரிந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருளால் வருவது. வேகவைத்தாலும் போகாது, வயிற்றைக் கடுமையாகக் கெடுக்கும். எப்போதாவதுதான் அப்படி ஒரு காய் அகப்படும். ஆனாலும் ஒரு பானைச் சாம்பாரையும் வீட்டாரின் வயிற்றையும் காக்க அந்த ஒரு துணுக்கு போதும்.