ஒரே வரில சொல்லுங்க சார்!

2011 சட்டசபைத் தேர்தல் சமயம். எங்கள் தெருவில் குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடையும் பல வருஷமாகக் கூட்டுக் குடித்தனம். அந்தத் தண்ணீரைக் குடித்து எதிர்வீட்டுப் பையனுக்கு மஞ்சள் காமாலை. பாவம், பத்தாவது பரீட்சையே எழுத முடியவில்லை. பொறுக்காமல் நாலு பக்கத்துக்கு மனு எழுதிக்கொண்டு வாசலில் நின்றேன்.

வேட்பாளர் ஜீப்பில் கும்பிட்டபடியே போய்விட்டார். பின்னால் மைக் ஆட்டோவில் வந்த கட்சிக்காரர்தான் மனுவைப் புரட்டினார்.

"என்ன சார், கிரயப் பத்திரம் மாதிரி எழுதியிருக்கீங்க! வண்டி உங்க தெருவைத் தாண்ட ரெண்டு நிமிஷம். அடுப்படியில இருக்கிற அம்மா காதுல விழணும். ஒரே வரில சொல்லுங்க சார்!"

எரிச்சலாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தால், மனுஷன் சொன்னது சரித்திரம்! 1967-ல் அரிசித் தட்டுப்பாடு. கொள்முதல், விநியோகம் என்று பேச எத்தனையோ இருந்தது. ஜனங்கள் வாயில் நின்றது, 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்'. அண்ணா ஆட்சிக்கு வந்து சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டார்.

2006-ல் தி.மு.க. அறிக்கை பக்கம் பக்கமாகத்தான் இருந்தது. டீக்கடை பேசியது ரெண்டு ரூபாய் அரிசியையும் கலர் டி.வி.யையும்தான். 2011-ல் அதே கட்சி 'மிக்ஸி அல்லது கிரைண்டர்' என்றது. ஜெயலலிதா அந்த 'அல்லது'வைத் தூக்கிவிட்டு, கூட ஒரு ஃபேனையும் சேர்த்தார்!

"கரண்ட்டே இல்லை, ஃபேன் எதுக்காம்?" என்றாள் என் மனைவி. மின்வெட்டும் அந்தத் தேர்தலில் பெரிய பிரச்னைதான். அதற்குக் கோஷமே தேவைப்படவில்லை. இருட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு யார் வந்து விளக்க வேண்டும்?

அரிசியும் கரண்ட்டும் தொகுதி முழுக்கப் பொது. சாக்கடை அப்படியா? எங்கள் தெருவில் மிஞ்சிப் போனால் நாற்பது ஓட்டு. பக்கத்துத் தெருவில் தண்ணீர் பளிங்கு மாதிரி வருகிறது. அங்கே போய் இதைச் சொன்னால் கேட்பார்களா? காமாலை என்றால் கேட்பார்கள்!

காலையில் நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு துண்டுச் சீட்டோடு போனேன்: 'குழாயில் வருவது குடிதண்ணியா, காமாலையா?'

கட்சிக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "இது மேட்டர்!"

சாயங்காலமே மைக் அலறியது. மறுநாள் எதிர்க்கட்சி ஆட்டோவிலும் அதே வரி! ராயல்டியை யாரிடம் கேட்பது?

ஜெயித்தவர் மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழாய் மாற்ற ஆட்கள் வந்தார்கள். எதிர் வரிசை வீடுகளுக்கு மட்டும். எங்கள் வரிசை 'அடுத்த கட்ட'மாம். மேஸ்திரியைப் பிடித்து, சாக்கடை எங்கே உடைந்திருக்கிறது, எந்த இடத்தில் கலக்கிறது என்று விவரமாக ஆரம்பித்தேன்.

"சுருக்கமா சொல்லுங்க சார்" என்றார்.